மூணேகால் மணிச் சட்டம்

சட்டம் என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். அட, தள்ளி உட்கார வேண்டாம், பஸ்ஸில் இடம் தாராளமாக இருக்கிறது. இந்தப் பொன்னாடைதான் உங்கள் கையில் உரசுகிறது. இருங்கள், சுருட்டி மடியில் வைத்துக்கொள்கிறேன். சொரசொரவென்று என்ன ஜரிகையோ. கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு வயிற்றெரிச்சல், அப்புறம் சொல்கிறேன். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் இதைக் கேளுங்கள். பெரிய பண்டு கம்பெனிக்காரன் தன்னிடம் இல்லாத ஷேரை இன்றைக்கு விற்றுவிட்டு மூன்று மாதம் கழித்து வாங்கி வைக்கலாம். நான் விற்றால் மட்டும் அன்றைக்கே மத்தியானம் மூணேகாலுக்குள் வாங்கி வைத்தாக வேண்டும். அவனுக்கு மூன்று மாதம், எனக்கு மூணேகால் மணி. இது என்ன சட்டம்?

ஷேர் பக்கமே போனதில்லையா நீங்கள்? நல்லது, போகவும் வேண்டாம். கிணத்துக்கடவு சந்தையில் தக்காளி வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருத்தனிடம் நூறு பெட்டி தருகிறேன், இன்ன விலை என்று பேசி முடிக்கிறேன். என்னிடம் ஒரு பெட்டிகூட இல்லை. மத்தியானம் விலை இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. இறங்கியதும் வேறொருத்தனிடம் வாங்கி இவனுக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்கிறதை நான் எடுத்துக்கொள்வேன். விலை ஏறிவிட்டால் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். இதற்குத்தான் ஷார்ட் என்று பெயர்.

பெரிய ஆளாக இருந்தால் நேரே தோட்டக்காரனிடம் போகலாம். 'உன் நூறு பெட்டியைக் கடனாகக் கொடு, மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தருகிறேன், அதுவரைக்கும் வாடகை வாங்கிக்கொள்' என்று கேட்டு வாங்கி விற்கலாம். தக்காளி அழுகிவிடும் என்று சிரிக்கிறீர்கள். ஷேர் அழுகாது ஐயா. சின்ன ஆளும் இப்படிக் கடன் வாங்கலாம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்களாம். எழுதி வைத்திருந்தால் ஆயிற்றா? எந்தப் புரோக்கர் ஆபீஸில் எனக்கு அதைத் திறந்து காட்டினார்கள்?

என் பெயர் சென்னியப்பன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆறாவதில் வாத்தியார் பிரம்பால் அடித்தார், நின்றுவிட்டேன். அவர் பேரூரில் மகன் வீட்டில் இருந்தார், போன வருஷம் செத்துப்போனார். நான் எழவுக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்?

ரங்கதுரை பம்ப்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத்துக் கிணறுகளில் எல்லாம் அந்த நீல மோட்டார்தான் ஓடும். அந்த முதலாளிக்கு இருபது வருஷத்துக்குக் கிட்டக் கார் ஓட்டினவன் நான். அம்பாசடர் காலம். பெரியவர் என் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்காருவார், பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்பார். அவர் மகன் ஜெகதீசனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். வழியில் வாந்தி எடுப்பான், நான்தான் துடைத்து விடுவேன்.

பிறகு வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார்கள். கியர் போட வேண்டியதே இல்லாத வண்டி. வந்து நின்றதும் சாவிக்குக் கையை நீட்டினேன். பெரியவர் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சென்னியப்பா, இதுக்கு வேற ஒரு பையனச் சொல்லியிருக்குது. இங்கிலீஷும் பேசுவான், வர்ற போறவங்களுக்கு வசதி. நீ நாளையிலிருந்து கம்பெனி கேட்டுல இரு. வேலை கம்மி, சம்பளம் அதேதான்."

சம்பளம் அதேதானாம்! சம்பளத்தை யார் கேட்டது? நான் ஓட்டின காரை எவனோ ஒரு பொடியன் ஓட்டிக்கொண்டு வந்து கேட்டு முன்னால் ஹாரன் அடிப்பான். நான் ஓடிப்போய்த் திறக்க வேண்டும். திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். பெரியவர் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். தலைசுற்றல் எங்கே போனதோ தெரியாது. ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு நாள் எல்லாரும் உள்ளே இருக்கும்போதே கேட்டை வெளியில் பூட்டி, சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏற்றுமதிக்காரர்கள் நாலு பேர் வெளியே வர முடியாமல் நின்றார்களாம். நிற்கட்டும்.

அது நடந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, விட்டுவிடக் கூடாதா என்று என் மகளே கேட்டாள். அவளோடும் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன்.

கம்பெனி முதன்முதலில் ஷேர் வெளியிட்டபோது தொழிலாளிகளுக்கென்று கொஞ்சம் ஒதுக்கினார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு எனக்கும் முந்நூறு கொடுத்தார்கள். கெட்டிக் காகிதம், ஓரமெல்லாம் பச்சைப் பூ வேலை, அடியில் பெரியவர் கையெழுத்து. பிற்பாடு காகிதம் செல்லாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், டீமேட் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குக் காகிதம் கம்பெனிக்குப் போய் வர வேண்டுமாம். நான் அனுப்பவில்லை. நான் வெளியே வந்த வாசலுக்கு என் காகிதத்தை அனுப்புவேனா? பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டு வைத்தேன்.

வேலையை விட்டபின் வாடகை டெம்போ ஓட்டினேன். கண் மங்கியதும் அதுவும் நின்றது. பகல் முழுக்க வீட்டில் இருந்தால் எனக்கும் வள்ளியாத்தாளுக்கும் ஒத்துவராது. வள்ளியாத்தாள் என் சம்சாரம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அதனால் சிங்காநல்லூரில் ஒரு புரோக்கர் ஆபீஸில் போய் உட்கார ஆரம்பித்தேன். பேக்கரிக்கு மேல் மாடி. ஏசி, குடிதண்ணீர், டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிற விலைகள். என்னை மாதிரிக் கிழவர்கள் ஏழெட்டுப் பேர். கீர்த்தனா என்று ஒரு பெண், நாம் சொன்னால் அவள் கம்ப்யூட்டரில் தட்டி விற்பாள், வாங்குவாள். ரிடயர்டு வாத்தியார் பொன்னுரங்கம்தான் எனக்கு ஷார்ட் என்றால் என்ன என்று சொன்னவர். எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"கையில இல்லாதத விக்கலாமா அம்மிணி?"

"விக்கலாமுங்க அங்கிள். மூணேகாலுக்குள்ள திருப்பி வாங்கிரோணும், அவ்வளவுதான்."

"போலீசு புடிக்காதா?"

"அதெல்லாம் புடிக்காது. சட்டப்படி சரிதானுங்க."

"வித்தா வெலை எறங்குமா?"

"நெறையப் பேரு வித்தா எறங்கும்."

எனக்கு அது போதும். ரங்கதுரை பம்ப்ஸ் இருக்கிறதா பார் என்றேன். இருந்தது. நூறு விற்றுவிடு என்றேன்.

ஐயா, அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அவள் பட்டனைத் தட்டினாள். நான் டிவியைப் பார்த்தேன். ஐம்பது பைசா இறங்கியது. என் கண்ணெதிரே இறங்கியது! ஜெகதீசன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்த மாதிரி இருந்தது. வாத்தியாரிடம், "நான் அடிச்சதுதானுங்க, பாத்தீங்களா?" என்றேன்.

"யோவ் சென்னி, இன்னைக்கு மொத்த மார்க்கெட்டுமே எறங்கிக் கெடக்குது" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், யாருக்கும் ஒரு நல்ல பேர் கிடைக்க விடமாட்டார்.

சித்திரையில் ஆரம்பித்தேன். தினமும் கடை திறக்கிற மாதிரி காலையில் போய் நூறு விற்பேன், மத்தியானம் வாங்கி வைப்பேன். சில நாள் லாபம், சில நாள் நட்டம். நான் லாபத்துக்குப் போகவில்லையே. தினமும் ஒரு அடி. ஒரு நாளைக்கு விழாவிட்டாலும் ஒரு வருஷத்தில் விழும்தானே? அந்தப் பெரிய பங்களாவில் காலையில் ஜெகதீசன் போனைப் பார்த்து, 'யார்டா இது, தினமும் விக்கிறது?' என்று முழிப்பான் என்று நினைத்துக்கொள்வேன். பெரியவர் செத்துப்போய்விட்டார். மகன் இருக்கிறானே.

பணமா? வள்ளியாத்தாளின் சீட்டுப் பணம். பெரிய கிரைண்டராக ஒன்று வாங்க வேண்டும் என்று கட்டி எடுத்தது. பேங்கில் போட்டு வையுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள். புரோக்கர் ஆபீஸும் பேங்க் மாதிரிதானே? சாயங்காலம் எல்லாம் கணக்கு நேராகிவிடுகிறது. அதில் என்ன தப்பு?

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நூறு விற்றேன், மளமளவென்று இறங்கியது. இன்னொரு நூறு என்றேன். இன்னும் இறங்கியது. விழுகிறான், விழுகிறான் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஐந்நூறு வரைக்கும் விற்றேன். கீர்த்தனாகூட, "போதுமுங்க அங்கிள்" என்றாள். நான் அவளை ஒரு டீ வாங்கி வரச் சொன்னேன்.

பதினொன்றரை இருக்கும். டிவியில் கீழே சிவப்பில் ஒரு வரி ஓடியது. ரங்கதுரை பம்ப்ஸுக்கு வடக்கே ஏதோ ஒரு அரசாங்கத்திடம் இருந்து சோலார் மோட்டார் ஆர்டர். நான் படிப்பதற்குள் விலை திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது.

"அங்கிள், இப்பவே வாங்கிரலாமுங்க. கொஞ்சம்தான் நட்டம் வரும்."

"நான் வாங்க மாட்டேன்."

"ஏனுங்க?"

"வித்தா எறங்குதுல்ல? அப்ப வாங்கினா ஏறும்தான? என்ற கையால அவனுக்கு ஏத்தி விடச் சொல்றயா அம்மிணி?"

நான் சொன்னதில் என்ன தப்பு, சொல்லுங்கள்? நாலு மாதம் அடித்துவிட்டு ஐந்நூறை வாங்கி அவனையே தூக்கி நிறுத்தவா?

கொஞ்ச நேரத்தில் அது போய் உச்சியில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஷேர் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டுவிட்டால் விற்கிறவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். நாளைக்கு இன்னும் ஏறும் என்று எல்லாரும் கையை மூடிக்கொள்வார்கள். வாங்குகிறவன் மட்டும் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்க வேண்டியதுதான். இப்போது நான் வாங்குகிறேன் என்றாலும் கொடுக்க ஆள் இல்லை.

இதைத்தான் நான் எல்லாரிடமும் கேட்கிறேன். ஒரு சட்டம் மூணேகாலுக்குள் வாங்கு என்கிறது. இன்னொரு சட்டம் ஒரு வரம்பைப் போட்டு விற்கிறவனையெல்லாம் ஓட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே ஆள் போட்ட சட்டம். வாசலில் பூட்டைப் போட்டுவிட்டு, 'ஏன் இன்னும் வெளியே போகவில்லை?' என்று அபராதம் போட்டால் அதற்கு என்ன பெயர்? பெரிய ஆள் பெரிய கம்பெனி ஷேரைக் கடன் வாங்கி விற்றிருந்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, 'அடுத்த மாதம் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பான். எனக்கு மட்டும் கடிகாரம்.

ஆனால் ஒன்று. என்னிடம் ஷேர் இருக்கிறது! கையில் இல்லாததை விற்கிற கும்பலில் நான் சேர்த்தி இல்லை. என் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு சூலூருக்குப் பறந்தேன். வள்ளியாத்தாள் மாவு எடை போட்டுக்கொண்டிருந்தாள். பீரோவைத் திறந்து புடவைகளையெல்லாம் கட்டில் மேல் அள்ளிப் போட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "ஏனுங்க, எலி கிலி பூந்திருச்சா?" என்று அவள் பின்னாலேயே கத்தினாள். மாடிப்படி ஏறும்போது மூன்று மணி ஆகவில்லை. நேரத்துக்குள் வந்தேன் ஐயா, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மேனேஜர் கதிரவன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். சின்னப் பையன், கழுத்தில் அட்டை தொங்கும்.

"ஐயா, இது பேப்பர் ஷேர். இத வெச்சு டெலிவரி குடுக்க முடியாதுங்க."

"முந்நூறு இருக்குதுங்க தம்பி. எண்ணிப் பாருங்க. மீதிய வேணா திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"எண்றது இல்லைங்க பிரச்சனை. டீமேட் ஆகியிருந்தா இந்நேரம் நானே மாத்திக் குடுத்துருப்பேன். முந்நூறுக்குப் பிரச்சனையே வந்திருக்காது. நீங்க ஏன் இத்தன வருஷம் மாத்தாம விட்டீங்க?"

"ஏன் மாத்தோணும்? இதுல கையெழுத்து இருக்குதா இல்லையா? முதலாளி கையெழுத்து! அந்தாளு கம்பெனி ஷேருக்கு அந்தாளு கையெழுத்து செல்லாது, நீ பட்டன் தட்டினா செல்லுமா?"

"சட்டம் அப்படிங்க ஐயா."

"உன்ற சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடு!"

வாத்தியார் வந்து என் தோளைப் பிடித்தார். உதறினேன். டிவியில் மணி மூணேகாலைத் தாண்டியது. கம்ப்யூட்டர் தானாகவே ஐந்நூறு வாங்கப் பார்த்ததாம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். நான் கொடுக்க வேண்டிய ஐந்நூறை வேறு யாரிடமாவது வாங்கி என் கணக்கில் எழுத, திங்கட்கிழமை ஏலம் போட்டார்கள். வெளியில் ஒரு விலை, ஏலத்தில் அதைவிடப் பெரிய விலை, அதற்கு மேல் அபராதம். சீட்டுப் பணம் மொத்தமும் போய், அதற்குக் கீழேயும் இறங்கி, புரோக்கர் ஆபீஸுக்கு நான் கடன்காரனாக நின்றேன். இதில் என் வயிறு எரிகிறது எதற்கென்றால், பீரோவில் கிடந்த என் முந்நூறும் அன்றைக்கு அவனோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. அவன் ஏறினதால் எனக்கு லாபம்! இப்படிக்கூட ஒருத்தனை அவமானப்படுத்த முடியுமா?

கதிரவன் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா, பேப்பரை டீமேட்டுக்குப் போடலாம். ஏறினதும் பாதிய வித்தாலே எல்லாம் அடைஞ்சு கையிலயும் கொஞ்சம் நிக்கும். புரட்டாசி முடியற வரைக்கும் நான் ஆபீஸ்ல சொல்லி வெக்கறேன்." சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். திரும்பி வந்துவிட்டது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். அந்தக் காலத்தில் 'சென்னி' என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுப்பேன். இப்போது முழுப் பெயரும் போடுகிறேன். மனுஷன் வளரக்கூடாதா? அந்த ஆள்தான் இந்த ஆள் என்று கம்பெனி செக்ரட்டரி ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

போதுமாம்! யாரிடம் போய் நிற்கச் சொல்கிறார்கள் பாருங்கள்.

அப்போது வாத்தியார்தான் சொன்னார். "யோவ், புரட்டாசியில அவிய வருஷக் கூட்டம் வருதல்ல? ஷேர் வெச்சிருக்கற யாரு வேணாலும் போலாம், மைக்குல கேள்வி கேக்கலாம். செக்ரட்டரியும் அங்கதான் இருப்பாங்க. கேட்டுல போயி நிக்க வேண்டியதில்ல, ராஜா மாதிரி போலாம்."

அதற்குத்தான் இன்றைக்குப் போனேன். பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நின்ற வாட்ச்மேன் எனக்கு வணக்கம் வைத்தான். உள்ளே மேடையில் பெரியவர் படம், பெரிய மாலை. ஒரு பையில் மைசூர்பாகும் மிக்சரும் போட்டுக் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதற்காகவே வந்த கூட்டம், கேள்வியும் கேட்கமாட்டார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் பேசுகிறவர்கள் வரிசையில் பெயரைக் கொடுத்தேன். செக்ரட்டரி போட வேண்டிய தாளை சட்டை உள்பையில் வைத்திருந்தேன். முதலில் நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட வேண்டும், அப்புறம் தாளை நீட்ட வேண்டும். அப்படி நீட்டினால் அது கெஞ்சினதாகாது.

என் முறை வந்தது. மைக் கையில் வந்தது. கேட்டேன்.

"இல்லாத ஷேர விக்கறதுக்கு இந்த நாட்டுல சட்டம் இருக்குது. பெரிய பணக்காரன் வித்துப்போட்டு மூணு மாசம் தூங்கலாம். சின்னவன் மூணேகாலுக்குள்ள முடிக்கோணும். முடிக்க முடியாதபடி வழியையும் அடைச்சுருவாங்க. அப்பறம் ஏலம், அபராதம். இதுல நாசமாப் போறது யாரு? எங்கள மாதிரி அஞ்சும் பத்தும் வெச்சிருக்கறவன். இத மேல இருக்கறவங்ககிட்டப் பேச இந்தக் கம்பெனிக்கு வாயில்லையா?"

கை தட்டினார்கள் ஐயா! மண்டபமே கை தட்டியது. மைசூர்பாகு கூட்டம்கூடத் தட்டியது. நான் மேடையைப் பார்த்தேன். ஜெகதீசன் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தான்.

"சென்னியண்ணனா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவருங்க இவரு. எங்கப்பா கடைசிவரைக்கும் இவரப் பத்திப் பேசுவாரு." அப்படியாம். பேசினவர் ஒரு நாள் வீட்டுக்கு ஆள் விட்டிருக்கலாம், அல்லது ஒரு போனாவது போட்டிருக்கலாம். "நம்ம ஷேர ஷார்ட் அடிக்கறவங்களுக்கு எதிரா, நம்ம கம்பெனிக்காக, இந்த வயசுல எந்திரிச்சு நிக்கறாரு பாருங்க. அண்ணா, உங்ககிட்ட எத்தன ஷேர் இருக்குது?"

"முந்நூறு."

"எப்ப வாங்குனது?"

"மொதல்லயே. தொழிலாளிக்குக் குடுத்தப்ப. இன்னும் அதே பேப்பராத்தான் இருக்குது."

"அதுல இதுவரைக்கும் ஒண்ணாவது வித்திருக்கீங்களா?"

நான் என்ன சொல்வேன்? பொய் சொல்லிப் பழக்கமில்லை. என் முந்நூறில் ஒன்றைக்கூட நான் விற்றதில்லை. விற்றதெல்லாம் என்னிடம் இல்லாதது. அதை அவன் கேட்கவில்லை.

"ஒண்ணு கூட இல்ல" என்றேன்.

"ஒண்ணு கூட இல்ல! கேட்டீங்களா? எங்கப்பா கையெழுத்துப் போட்ட பேப்பர இன்னும் பத்திரமா வெச்சிருக்காரு!" சொல்லிவிட்டு அவனே கை தட்டினான். எல்லாரும் எந்திரித்தார்கள். வேறு யாருக்கோ போட வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, படி இறங்கி வந்து என் தோளில் போட்டான். போட்டோ எடுத்தார்கள். அடுத்த வருஷம் கம்பெனிப் புத்தகத்தில் என் படத்தைப் போடப் போகிறார்களாம், கீழே 'ஒரு பங்கைக்கூட விற்காதவர்' என்று எழுதி.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையாவது அவன் காதில் விழுந்ததா, சொல்லுங்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பதில் வந்ததா? நாலு மாதம் தினமும் அடித்தது நான்தான்டா என்று கத்தியிருக்க வேண்டும். தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவனிடம் எப்படிக் கத்துவது? அதிலும் ஒரு தந்திரம் இருக்கும். அவன் அப்பனும் அப்படித்தான், சிரித்துக்கொண்டே சாவியைப் பையில் போட்டவன்.

கூட்டம் முடிந்ததும் செக்ரட்டரி அம்மா என்னைத் தேடிக்கொண்டே வந்தார். "ஐயா, கம்பெனியிலிருந்து உங்களுக்கு ஏதாவது ஆகணுமா? சேர்மன் கேட்டுட்டு வரச் சொன்னாங்க." கையில் பேனாகூட வைத்திருந்தார். என் கை சட்டைக்குள் போய்விட்டது. தாளின் முனையைப் பிடித்துவிட்டேன். அதை நீட்டினால் முதல் கேள்வி என்ன கேட்பார்? 'டீமேட்டா? விற்கப் போகிறீர்களா ஐயா?' சுற்றிலும் அத்தனை பேர், போட்டோக்காரன் வேறு.

"ஒண்ணும் வேண்டாமுங்க" என்றேன். நெஞ்சைச் சொறிகிற மாதிரி கையை வெளியே எடுத்தேன்.

இல்லாததை விற்றபோது எல்லாக் கதவையும் திறந்து வைத்தார்கள். இருப்பதை விற்கப் போனால் பொன்னாடை போட்டு மூடிவிட்டார்கள். எவன்மேல் போய்ப் புகார் கொடுப்பது?

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

"என்ன புள்ள... ஆமா, வந்துட்டுத்தான் இருக்கறேன்... யாரு அனுப்புனா? மகளா? வாட்ஸப்புல வந்துருச்சா அதுக்குள்ள?... அழுவாத. எதுக்கு இப்ப அழுவற? பொன்னாடைதான் போட்டாங்க... ம்... ம்... யாரு? கிரைண்டர்காரரா? இன்னைக்கா வரச் சொன்ன? நாளான்னிக்குன்னு சொன்னயே... சரி, உக்காரச் சொல்லு... பேங்குல கூட்டமா இருக்கும்... பாக்கறேன்... வர்றேன்னு சொல்றேன்ல!"

கேட்டீர்களா? கிரைண்டர்காரர் மிஷினைக் காட்டுவதற்கு வண்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு என் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்களாம். என்ன சொல்கிறாள் தெரியுமா? 'நல்ல மனுசங்க, உங்கள மறக்கலையே. நீங்கதான் இத்தன வருசமா அவியளத் திட்டிட்டே இருந்தீங்க' என்கிறாள். வரும்போது பேங்கில் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அரைத்த மாவுக் காசு. மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடக்கும் அவளுக்கு. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொல்லப்போனால், எனக்குக் கோபம் இல்லாத ஒரே ஆள் அவள்தான்.

எல்லாம் அந்த மூணேகாலால் வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் விட்டிருந்தால், அல்லது ஒரு மாதம், பெரியவனுக்கு விடுகிற மாதிரி எனக்கும் விட்டிருந்தால்... இல்லை, அதற்கப்புறம் இன்னும்தான் ஏறியது. அது வேறு விஷயம். நியாயம் நியாயம்தானே?

நாளைக்குப் போய் அந்தச் செக்ரட்டரி அம்மாவைத் தனியாகப் பார்க்கலாம் என்கிறீர்களா? பார்க்கலாம்தான். ஆபீஸுக்குப் போக வேண்டும். அந்தக் கேட்டு வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி வைத்து அவன் கட்டவில்லை.

என்னங்க கண்டக்டர்?

"பெருசு, சூலூருக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? சூலூர் தாண்டி எவ்வளவு நேரமாச்சு, காரணம்பேட்டையே வரப்போகுது. விசில் அடிச்சனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"விழுந்தும் உக்காந்திருக்கீங்களா? அடுத்த ஸ்டாப்புல எறங்கி அந்தப் பக்கம் பஸ் ஏறுங்க. இல்லைன்னா பல்லடத்துக்கு டிக்கெட் எடுங்க."

"எறங்கோணும், இல்லாட்டிக் காசு குடுக்கோணும். உங்களுக்கெல்லாம் வாயில வேற பேச்சே வராதாயா? மனுசன் எதுக்கு உக்காந்திருக்கான்னு ஒருத்தனாவது கேப்பீங்களா?"

"செக்கிங் வந்தா எனக்கு மெமோ குடுப்பாங்க, உங்களுக்கென்ன? சொல்லுங்க, எறங்கறீங்களா?"

இந்தாங்க, பிடியுங்கள். பல்லடம் ஒன்று.

பார்த்தீர்களா, சின்ன ஆளிடம்தான் எல்லாரும் சட்டம் பேசுவார்கள். போனை அணைத்து வைத்துவிடுகிறேன், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். பல்லடத்தில் எனக்கு யாரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. இந்த பஸ் அதற்கப்புறம் எங்கே போகிறது? தாராபுரமா? நீங்கள் எதுவரைக்கும் போகிறீர்கள்?